ஃபோர்ட் பெண்ட்: வாக்குப்பெட்டிக்கு முன்பே முடிந்த தேர்தல்

"எங்கள் ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டி நேற்று முளைத்த ஊர், அதற்கு என்ன வரலாறு?" என்று ஹூஸ்டன் பக்கமிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

வரிசை வரிசையான புது வீடுகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1950இல் அங்கே சுமார் 31,000 பேர். 2020இல் எட்டு லட்சத்துக்கும் மேல். ஆனால் கவுன்ட்டி பிறந்தது 1837இல், டெக்சஸ் தனிக் குடியரசாக இருந்தபோது. கவுன்ட்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் கூடி வரி, சாலை, பட்ஜெட் எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள். இவர்களையும் ஷெரிஃபையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள்.

அந்த மக்கள் யார் என்பதில்தான் சண்டையே. பிரேசோஸ் ஆற்றங்கரையில் கரும்பும் பருத்தியும் விளைவித்தவர்கள் அடிமைகள். விடுதலையும் வாக்குரிமையும் வந்ததும் அவர்களே பெரும்பான்மை. அடிமையாகக் கொண்டுவரப்பட்ட வால்டர் பர்ட்டன் 1869இல் ஷெரிஃபாக வென்றார், பிறகு மாநில செனட்டரும் ஆனார். எண்ணிப் பாருங்கள், விடுதலை கிடைத்து நாலே வருடம்!

இதைப் பொறுக்காத வெள்ளையர்கள் 'ஜேபேர்ட்' என்ற அணியாகத் திரண்டார்கள். கறுப்பர்களின் ஆதரவோடு ஆண்ட வெள்ளையர்களுக்கு 'உட்பெக்கர்' என்று பெயர். 1889 ஆகஸ்ட் 16, கவுன்ட்டியின் தலைநகரான ரிச்மண்டில், நீதிமன்ற வளாகத்தருகே இரு அணிகளும் சுட்டுக்கொண்டன. ஷெரிஃபே செத்தார். ஆளுநர் நேரில் வரவேண்டியதாயிற்று.

துப்பாக்கிச் சண்டையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அதற்குப் பின் நடந்ததில். அதே வருடம் ஜேபேர்ட் சங்கம் அமைத்தார்கள். வாக்காளர் பட்டியலில் உள்ள வெள்ளையர் எல்லோரும் உறுப்பினர். ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு முன்பே சங்கம் தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தும். அதில் ஜெயித்தவருக்கு முதற்கட்டத் தேர்தலிலும் பொதுத் தேர்தலிலும் பெரும்பாலும் எதிராளியே இருக்கமாட்டார். கறுப்பர்கள் தாராளமாக வாக்களிக்கலாம், எல்லாம் முடிந்த பிறகு!

முதற்கட்டத் தேர்தலில் கறுப்பர்களை ஒதுக்கக் கூடாது என்று 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜேபேர்டுகள் அசையவில்லை. "நாங்கள் கட்சியல்ல, தனியார் சங்கம்" என்றார்கள். அறுபது வருடமாக அரசாங்கத்தையே தேர்ந்தெடுத்த சங்கம், தனியாராம்!

ரிச்மண்டில் ஈமச்சடங்கு நிறுவனம் நடத்திய அரிசோனா ஃபிளெமிங், விவசாயி வில்லி மெல்டன் முதலானோர் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பிழைப்பும் குடும்பமும் அதே ஊரில் இருக்க, ஊரை ஆள்பவர்களையே எதிர்த்தார்கள். 1953 மே 4: எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு அவர்கள் பக்கம். ஃபிளெமிங் பெயரில் இன்று அங்கே ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. மெல்டனின் பெயரும் அந்தக் கவுன்ட்டிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.