கண்ணாடித் தட்டும் நான்கு முளைகளும்

கண்ணாடி அலமாரி உள்ள இல்லங்கள் இன்று பல. பிள்ளைகள் பள்ளியில் பெற்ற பரிசுக் கோப்பைகள், கொண்டபள்ளிப் பொம்மைகள், சன்னபட்டணத்து மரச் சாமான்கள், மொராதாபாத்துப் பித்தளைக் குடுவைகள் என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த பொருள்கள் அதில் ஒன்றுகூடி வாழ்கின்றன. அடியிலுள்ள தட்டு கண்ணாடியாயிருப்பதால், அவை அந்தரத்தில் நிற்பனபோலத் தோன்றுகின்றன. ஆனால் அந்தரத்தில் எதுவும் நிற்பதில்லை. ஒவ்வொரு தட்டையும் நான்கு சிறு முளைகள் தாங்குகின்றன. கடைக்காரர்கள் ‘ஷெல்ஃப் பின்’ என்று வழங்கும் அம்முளைகளை வாங்கும்போது ஒருமுறை பார்க்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம்.

நாங்களும் மறந்திருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பகலில், எங்கள் இல்லத்துச் சிறுமி ஒருத்தி பொம்மை ஒன்றை எடுக்க விரும்பி, மேல்தட்டின் முன்விளிம்பைப் பற்றி எம்பினாள். அச்சமயம் பாட்டி அழைக்கவே, பிடியை விட்டு ஓடினாள். அவள் நான்கு அடி சென்றிருக்கமாட்டாள். மேல்தட்டு கீழ்த்தட்டின்மீது வீழ்ந்தது. அது அதற்கும் கீழே இருந்ததன்மீது வீழ்ந்தது. குழந்தைக்கு ஊறு ஒன்றுமில்லை. கண்ணாடி மட்டமானது என்று முதலில் அதன்மீதே பழியைப் போட்டோம். சில்லுகளைப் பெருக்கும்போதுதான், காகிதம் சுற்றிய முளையொன்று அவற்றினிடையே கிடைத்தது. துளை தளர்ந்திருந்ததை நாங்கள் முன்பே அறிவோம். காகிதத்தைச் சுற்றிச் செருகி வைத்தவர்களும் நாங்களே.

மரப்பலகை பாரம் மிகுந்தால் வளையும், முனகும், நமக்கு அவகாசம் தரும். கண்ணாடியிடம் அத்தகைய இரக்கம் கிடையாது. அது முறியும் கணம்வரையில் உறுதியாகவே தோன்றும். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கீறல்களே அதன் வலிமையைக் குறைக்கின்றன என்பதை 1921-ஆம் ஆண்டில் கிரிஃபித் என்னும் ஆங்கிலேய அறிஞர் விளக்கினார். ஆகவே, விளிம்பு நன்றாகத் தேய்த்து மழுக்கப்பட்ட தட்டையே ஏற்க வேண்டும். விளிம்பில் சிறு சிதைவு இருப்பினும், பின்னொரு நாள் அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கக்கூடும்.

இனி அளவைப் பார்ப்போம். அலமாரியின் உள்ளகலத்தை மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று இடங்களில் அளக்க வேண்டும். உயரமான அலமாரியின் பக்கப் பலகைகள் நடுவில் வெளிப்புறமாகச் சற்று வளைந்திருத்தல் உண்டு. மிகக் குறைந்த அகலத்திலிருந்து 3 மில்லிமீட்டர் கழித்துத் தட்டின் நீளத்தைக் கொள்க. மிக அகன்ற இடத்தில் அத்தட்டை வைத்து, அதன் இரு முனைகளும் முளைகளின்மேல் போதிய அளவு படிந்துள்ளனவா என்றும் நோக்குக. இல்லையேல், முதலில் திருத்த வேண்டியது அலமாரியேயன்றித் தட்டன்று.

துளைகளே இவ்வேலையின் உயிர்நாடி. முக்காலி எத்தரையிலும் ஆடாமல் நிற்கும். நாற்காலிக்கு ஒரு கால் குறைந்தாலும் ஆடும். தட்டும் அவ்வாறே. ஒரு துளை இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்தால், தட்டு மூன்று முளைகளின்மேல் நின்று, தொடுந்தோறும் ஆடும். இதைத் தவிர்க்கத் தச்சர்கள் ஓர் எளிய வழியைக் கையாள்கின்றனர். ஒரே இடைவெளியில் துளையிட்ட சட்டம் ஒன்றைச் செய்து, அதன் அடிமுனையில் குறியிட்டு, நான்கு மூலைகளிலும் அந்த முனையையே அலமாரியின் அடிப்பலகையில் ஊன்றித் துளையிடுவர். துளையிடும் அலகில் வேண்டிய ஆழத்தில் ஒரு நாடாவை ஒட்டிவிட்டால், பலகையின் மறுபுறம் துளைபடாது. ஆலைகளில் செய்யும் அலமாரிகளில் துளையின் குறுக்களவு பெரும்பாலும் 5 மில்லிமீட்டர்; துளைக்குத் துளை 32 மில்லிமீட்டர் தொலைவு. முன்வரிசைத் துளைகள் முன்விளிம்புக்கு அருகில் இருத்தல் வேண்டும். மிகவும் பின்தள்ளி இட்டால், முன்விளிம்பை அழுத்தியதும் தட்டின் பின்புறம் மேலெழும்.

முளை துளையில் இறுக்கமாக அமைய வேண்டும். துளை தளர்ந்துவிட்டால் காகிதமும் பஞ்சும் பரிகாரமாகா. உலோகக் குழலொன்றைத் துளையில் பதித்து, அதற்குள் முளையைச் செருகுவதே முறை; அல்லது அத்துளையை மரத்தால் அடைத்துப் புதிதாகத் துளையிடலாம். கண்ணாடியும் உலோகமும் நேரே தொடுதல் ஆகாது. முளையின்மேல் ரப்பர் உறை வேண்டும். அது கண்ணாடியைக் காப்பதோடு, வழுக்காமலும் பிடித்துக்கொள்கிறது. இருப்புப்பாதை அருகேயுள்ள வீடுகளில், ஒவ்வொரு வண்டியின் அதிர்விலும் தட்டு மயிரிழை மயிரிழையாக முன்னே நகரக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில், கண்ணாடியைத் திருகினால் கவ்விப் பிடிக்கும் முளைகளே தகுந்தவை.

தடிமனைப் பற்றியும் ஒரு சொல். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரைக் கிலோ எடையுள்ளது. 80 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும், 8 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட தட்டு, பொருள் ஒன்றும் வைக்குமுன்னரே ஏறத்தாழ 5 கிலோ நிறுக்கும். அதே பாரத்தைத் தாங்கும் தட்டின் நீளம் இருமடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். தடிமன் இருமடங்கானால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே நீண்ட அலமாரிக்கு நடுவில் ஒரு தடுப்புப் பலகை வைத்து, தட்டுகளைக் குறுக்கிக்கொள்வது அறிவுடைமை.

‘டஃபன்டு’ எனப்படும் கண்ணாடி, 600 பாகை சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சப்பட்டுக் காற்றினால் விரைவில் குளிர்விக்கப்படுவது. சாதாரணக் கண்ணாடியினும் சுமார் நான்கு மடங்கு வலிமையுள்ளது. உடைந்தாலும் வாள்போன்ற துண்டுகளாகாமல் சிறு மணிகளாகச் சிதறும். ஆனால் பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ இயலாது. அளவு முதலிலேயே சரியாயிருத்தல் வேண்டும்.

தட்டை வைத்தபின் ரசமட்டத்தால் சோதித்து, நான்கு மூலைகளையும் விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். பித்தளையைக் கீழ்த்தட்டிலும் மரப்பொம்மைகளை மேலும் வைத்தல் நலம். தட்டை வேறு உயரத்துக்கு மாற்றுவதானால், பொருள்களை முழுதும் இறக்கிய பின்னரே கைவைக்க வேண்டும்.

எங்கள் அலமாரிக்குத் தச்சர் குழல்கள் பதித்து, புதிய முளைகளைத் திருகித் தந்தார். கண்ணாடிக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் முளைகளின் விலை மிகச் சிறிது. காகிதம் சுற்றிய அந்தப் பழைய முளையை நாங்கள் எறியவில்லை. ஆண்டுதோறும் அலமாரியைத் துடைக்கும் நாளில் அதைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு தட்டின் அடியிலும் விரலை வைத்துச் சோதிக்கிறோம். இப்போது அந்தச் சிறுமியும் எங்களோடு சேர்ந்து சோதிக்கிறாள்.