பொதுப் பானையும் தனி நாவும்



அந்தி சாய்ந்து விளக்கேற்றும் வேளையில் எத்தனையோ தமிழ் இல்லங்களில் ஒரே கேள்வி எழுகிறது: "இரவுக்கு என்ன செய்யட்டும்?" விடையும் பெரும்பாலும் ஒன்றே: "எதுவானாலும் சரி." கேட்பதற்கு இது பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால், முடிவெடுக்கும் சுமை முழுவதையும் கேட்டவள் தலையிலேயே திருப்பி வைக்கும் விடை இது. தட்டு முன்னே வந்தபின் "இன்றைக்கும் உப்புமாவா?" என்று முகம் சுளிக்கும் உரிமையையும் இவ்விடை விட்டுக்கொடுப்பதில்லை. நாக்கு இரண்டு, அடுப்பு ஒன்று. அந்த அடுப்பில் எவருடைய சுவை வேகும் என்பது சிறிய கேள்வியன்று.

நம் முன்னோர் இதனைப் பாடாமல் விட்டாரில்லை. கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167-ஆம் பாடலை அறியாதார் இவ்வவையில் இரார். புதுமனை புகுந்த மகளைக் கண்டுவந்த செவிலி, நற்றாய்க்குக் கூறுவது அது. முற்றிய தயிரை விரலால் பிசைந்து, தாளிப்பின் புகை கண்ணில் படியத் தானே துழாவிப் புளிக்குழம்பு ஆக்குகிறாள் தலைவி. கணவன் உண்டு, இனிதென்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. இல்லறத்தின் இன்பத்தை இத்துணைச் சுருங்கிய அளவில் காட்டிய பாடல்கள் அரியவை.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்தக் குழம்பு அவளுக்குப் பிடித்ததா? அவள் எப்போது உண்டாள்? பாடல் அதைச் சொல்லவில்லை. அது புலவர் குறையன்று. மகள் கணவனுக்கு ஏற்றவளாக வாழ்கிறாளா என்று அறியச் சென்ற கண், தேடியதைக் கண்டு திரும்பியது, அவ்வளவே.

போதனார் பாடிய நற்றிணை 110-ஆம் பாடலை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்திச் செவிலியர் பின்தொடர, உண்ணமாட்டேன் என்று பந்தரைச் சுற்றி ஓடியவள் ஒரு சிறுமி. மணமானபின் கணவன் குடி வறுமையுற்றபோது, தந்தை வீட்டுச் செழுஞ்சோற்றை நினையாமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று பாடல் வியக்கிறது. வியக்கத்தக்க உறுதிதான். ஆனால், வேண்டாம் என்று ஓடிய அந்தச் சிறுமி எங்கே போனாள்?

சுவை நாவில் மட்டும் இல்லை என்பதையும் பழம்புலவர் அறிந்திருந்தனர். மிளைக்கந்தனாரின் குறுந்தொகை 196-ஆம் பாடலில், தலைவி தந்த வேப்பங்காயை அன்று கட்டியாக இனித்ததென்ற தலைவன், இன்று பறம்பின் குளிர்ந்த சுனைநீரையும் வெப்பமென்றும் உவர்ப்பென்றும் பழிக்கிறான். அன்பு மாறியதால் சுவை மாறியது என்று தோழி இடித்துரைக்கிறாள். இங்கும் அளவுகோல் தலைவனின் நாவே.

இன்றைய நிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு. நாஞ்சில் நாட்டுப் பெண் ஒருத்தி கொங்கு நாட்டில் வாழ்க்கைப்படுகிறாள் எனக் கொள்ளலாம். தேங்காயை மையாக அரைத்து ஊற்றிய மீன்குழம்பில் வளர்ந்தவள் அவள். கொள்ளுப் பருப்பும் சந்தகையும் அவனுக்கு உயிர்; மீன் வாடையே ஆகாது. முதல் ஆண்டில் சிறு சிறு ஊடல். பத்தாவது ஆண்டில் கொள்ளு கடைவதில் அவள் மாமியாரையே மிஞ்சிவிடுகிறாள். உறவினர் புகழ்கின்றனர். தாய்வீடு செல்லும் நாளில் அம்மா பிசைந்து தரும் ஒரு பிடி மீன்குழம்புச் சோற்றில்தான், தனக்கும் ஒரு நா உண்டென்பது அவளுக்கு நினைவு வருகிறது. ஒத்துப்போன இல்லம் என்று ஊர் சொல்வது, பல வேளைகளில், ஒரு நா ஓய்ந்துபோன இல்லமே.

இதற்கு இரண்டு குழம்பு வைப்பது தீர்வாகாது. சுவை இரண்டாவதற்கு முன்னர் உழைப்பு இரட்டிக்கிறது. அந்த இரட்டைச் சுமையும் ஒரே தோளில்தான் ஏறுகிறது. தமிழ்ச் சமையலுக்குள்ளேயே வேறு வழிகள் இருக்கின்றன. அரைத்து வைத்த மாவு ஒன்றே. ஒருவருக்கு மொறுமொறுவென்று தோசை, மற்றவருக்குத் தடித்த ஊத்தப்பம். வெந்த பருப்பைப் புளியும் காரமும் சேருமுன் பிரித்தெடுத்தால், ஒரு பங்கு குழந்தைக்கும் காரம் ஆகாதவருக்கும் நெய்யோடு போகும். மறு பங்கு சாம்பாராகும். விருந்தில் வாழையிலையின் ஓரத்தில் உப்பு வைக்கும் வழக்கமும் இத்தகையதே. பானை பொது, உப்பின் அளவு அவரவர் விருப்பம் என்பதை அந்தச் சிட்டிகை சொல்லாமல் சொல்கிறது.

வள்ளுவரும் 1302-ஆம் குறளில் ஊடலை உப்புக்கே ஒப்பிட்டார். அளவோடு இருந்தால் சுவை. சற்று மிகுந்தாலும் கேடு. இரவு உணவைப் பற்றிய சிறு பிணக்கும் அவ்வாறே. அது முற்றிலும் இல்லாத வீட்டில் எல்லாம் நலமென்று முடிவுகட்டலாகாது. உப்பே போடாத குழம்பாகவும் அது இருக்கலாம்.

ஆகவே "எதுவானாலும் சரி" என்பதைவிட, "உனக்கு இன்று என்ன உண்ணத் தோன்றுகிறது?" என்னும் எதிர்க்கேள்வி மேலானது. அதற்கு விடை வருமுன் ஒரு நீண்ட மௌனம் நிலவக்கூடும். பல்லாண்டு எவரும் கேளாத கேள்விக்கு உடனே விடை வருவதில்லை. அந்த மௌனத்தைப் பொறுத்திருந்து, விடை வந்தபின் கத்தியை எடுத்து வெங்காயமும் நறுக்கத் தொடங்குபவனே உண்மையில் கேட்டவன்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுதி 1988-இல் வெளிவந்து, அடுக்களையை இலக்கியத்தின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. கவிஞர்களுக்கும் அங்கே பணி மிச்சமிருக்கிறது. பத்தாண்டுகளாகக் கவிதை பேசிவரும் இவ்வட்டத்தில் உண்டவன் இனிதென்ற பாடல் பலமுறை சுவைக்கப்பட்டிருக்கும். சமைத்தவள் அமர்ந்து, தனக்குப் பிடித்ததை உண்டு, தானே இனிதென்று சொல்லும் பாடலை இனி இங்கிருந்து எவரேனும் எழுதட்டும்.