நிப்பா பற்றிக்கொள்ளும் புரதம்



புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா என்ற ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களுக்கு 1998, 1999 நினைவுக்கு வந்துவிடும். பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். சில நாளில் நினைவு தப்பியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் அடங்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா நோயாளியிடம் கிடைத்ததால் ஊரின் பெயரே கிருமிக்கும் வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய். 105 பேர் மாண்டார்கள்.

இந்தக் கிருமி ஏன் மூளையையும் ரத்தக்குழாயையும் தேடிப்போய்த் தாக்குகிறது? 2005-இல்தான் விடை வந்தது. அமெரிக்காவில் பென்ஹர் லீயின் குழு, கிருமியின் மேற்புறப் புரதத்தைத் தூண்டிலாக்கி, அது மனித உயிரணுவின் எதைப் பிடிக்கிறது என்று பார்த்தது. சிக்கியது எஃப்ரின்-பி2. ரத்தக்குழாயின் உட்சுவரிலும் நரம்பணுக்களிலும் இருக்கும் புரதம் அது. கிறிஸ்டோபர் பிராடரின் குழுவும் அதே ஆண்டு அதையே கண்டது.

இந்தப் பிடிமானத்தை அளக்க வேண்டுமானால் எஃப்ரின் குலையாமல் கையில் இருக்க வேண்டும். அங்கேதான் சிரமம். உயிரணுவின் சவ்வு கொழுப்பாலானது. அதில் பதிந்த புரதத்தை வெறும் தண்ணீருக்குள் இழுத்தால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். பால் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல: அமோனியா விடாத ரப்பர் பால் சீக்கிரமே கட்டிதட்டிவிடும்.

எஃப்ரின்-பி2 சவ்வை ஒரே முறைதான் ஊடுருவுகிறது. அதனால் வெளியே நீட்டும் பகுதிக்கான மரபணுவை மட்டும் எடுத்து, எதிர்ப்புப் புரதத்தின் வால்பகுதியோடு இணைத்து, எச்.இ.கே. 293 என்னும் மனித உயிரணுக்களில் செலுத்துகிறார்கள். பாக்டீரியாவில் செய்தால் செலவு குறையும். ஆனால் மனித உயிரணு ஏற்றும் சர்க்கரைச் சங்கிலிகள் அதில் வராது. உயிரணுக்கள் புரதத்தை வளர்ப்பு நீரில் கக்கும். அந்த வாலைப் பிடிக்கும் பிசினில் ஓட்டிச் சுத்தம் செய்து, சிறுசிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறார்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உறையவைத்து இளக்கினால் புரதம் கெடும்.

ஏழு முறை சவ்வைத் துளைத்து நிற்கும் வேறு புரதங்களுக்கு இந்த வழி உதவாது. அவற்றை மென்மையான சோப்பு வகைப் பொருளால் கழற்றி, கொலஸ்ட்ரால் சேர்த்து, நானோடிஸ்க் எனும் சின்னக் கொழுப்பு வட்டில் குடியேற்ற வேண்டும்.

வால்பகுதி இணைத்துச் செய்த எஃப்ரினைச் சேர்த்தபோது நிப்பா உயிரணுவுக்குள் நுழைவது தடைபட்டது. எனக்கு இதைவிட நம்பிக்கை தந்த செய்தி குறைவு. எஃப்ரின் ஒட்டும் அதே இடத்தை அடைக்கும் எம்102.4 என்ற எதிர்ப்புப் புரதம் பிறகு உருவானது. ஆஸ்திரேலியாவில் நலமான 40 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் அது பாதுகாப்பானதாகத் தெரிந்தது. முடிவுகள் 2020-இல் வெளியாயின. நோய் கண்டவர்களை அது காப்பாற்றுகிறதா என்று இனித்தான் நிறுவ வேண்டும். 2018-இல் கோழிக்கோட்டில் நிப்பா பரவியபோதும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து கையில் இல்லை.