வாயிலிலே கேட்கும் கேள்வி

மாணவ நண்பர்களே,

கிழக்குத் தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர், உதவித்தொகை வேண்டி ஒரு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பெறுவோர் பெயரில் ஓர் எழுத்து தவறிவிட்டது. அதை அறியாத அவர், விண்ணப்பம் சேர்ந்துவிட்டதென்றே நம்பி ஒரு மாதம் காத்திருந்தார். கெடு கடந்த பின்னரே, கடிதம் எவரிடமும் சேரவில்லை என்பது தெரிந்தது. பிழை அவருடையதே. ஆயினும், அதை அன்றே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய ஒருவர் வாய் திறவாதிருந்தார். அந்த ஒருவர் மனிதர் அல்லர். நிறுவனத்தின் வாயிலில் நின்று அஞ்சலை ஏற்கும் கணினி.

தபாலில் இது எப்படி நடக்கிறது? 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டில் பின்கோடு முறை வந்தது. 600059 என்று எழுதினால் கடிதம் கிழக்குத் தாம்பரத்துக்கும், 600045 என்றால் மேற்குத் தாம்பரத்துக்கும் வந்து சேரும். ஆனால் அந்த எண் ஊரைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. அப்பெயருடையவர் அத்தெருவில் உண்டா என்பதைத் தபால்காரர் வீட்டு வாசலில்தான் அறிகிறார். இல்லையெனில் உறைமேல் குறிப்பெழுதி, அனுப்பியவருக்கே திருப்பி விடுகிறார்கள்.

மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னே இருப்பது ஊர் போன்றது. முன்னே இருப்பது ஆள். 1982இல் ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதிய விதிப்படி, அனுப்பும் கணினியும் ஏற்கும் கணினியும் முதலில் உரையாடுகின்றன. "இது இன்னாரிடமிருந்து வருகிறது" என்கிறது ஒன்று. "இன்னாருக்கு" என்கிறது அடுத்தபடியாக. அப்போதே மற்றது விடை கூற வேண்டும். 250 என்றால் இசைவு. 550 என்றால் அப்படி ஒருவர் இங்கில்லை. கடிதத்தின் உள்ளடக்கம் அதன் பின்னரே கைமாறும்.

இவ்வளவு எளிதாயின் தவறு நேர்வது ஏன்? பெரிய நிறுவனங்களில் வாயிற்கணினி வேறு, அஞ்சற்பெட்டிகளை வைத்திருக்கும் உட்கணினி வேறு. ஆட்களின் பட்டியல் உள்ளே இருக்கிறது. வாயிலோ ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து, வருவதையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. உள்ளே ஆளில்லை என்று பிறகு தெரியும்போது, அனுப்பியவருக்கு அறிவிக்கும் பொறுப்பு வாயிலின் தலையில் விழுகிறது. ஆனால் வஞ்சகர் பிறருடைய முகவரியை அனுப்புநராகப் பொய்யாக இடுவது எளிது. அறிவிப்பை அனுப்பினால், ஒரு பாவமும் அறியாதவருடைய பெட்டி நிரம்புகிறது. அதற்கு அஞ்சி அறிவிப்பையே நிறுத்திவிட்டால், நம் மாணவருக்கு நேர்ந்ததே எல்லோருக்கும் நேரும்.

ஆதலின் வாயிலிலேயே விசாரிப்பதுதான் முறை. உட்கணினியின் பட்டியலை வாயிலுக்குக் கொடுத்து வைக்கலாம். அல்லது ஒவ்வொரு முறையும் உள்ளே கேட்டு விடை சொல்லச் செய்யலாம். முதல் வழியில் ஓர் ஆபத்து உண்டு: பட்டியல் பழையதாயின், நேற்றுச் சேர்ந்தவரையும் இல்லை என்று சொல்லிவிடும். இரண்டாவது வழியில், உட்கணினி உறங்கிவிட்டால் 550 சொல்லலாகாது. 450 என்று சொல்ல வேண்டும். அது "பிறகு வருக" என்பதாகும். அனுப்பும் கணினி காத்திருந்து மீண்டும் முயலும்.

"இருக்கிறார், இல்லை என்று சொல்லிக்கொண்டே போனால் திருடன் எல்லாப் பெயரையும் அறிந்துகொள்ள மாட்டானா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அடுத்தடுத்துப் பல பெயர்களை ஊகித்துக் கேட்பவனுக்கு விடையைத் தாமதிக்கலாம், இணைப்பையே துண்டிக்கலாம். அவனுக்கு அஞ்சி, ஓர் எழுத்துப் பிழைத்தவனை இருளில் விடுவது முறையாகாது.

உங்களில் சிலர் நாளை பெருங்குடியிலோ சோழிங்கநல்லூரிலோ இத்தகைய கணினிகளைக் காக்கும் பணியில் அமரக்கூடும். அப்போது இம்மாணவரை நினைவில் கொள்ளுங்கள். இல்லை என்று உடனே சொல்வது கடுமையன்று. வாங்கி வைத்துக்கொண்டு மௌனம் சாதிப்பதே கொடுமை. அதுவரையில், முகவரியை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்து அனுப்புங்கள். திரும்பி வரும் அறிவிப்பைப் படியாமல் அழித்துவிடாதீர்கள்.