மதிலுக்கு அப்பால் ஒரு குரல்

(நாடகக் குழுவினரின் ஒன்றுகூடலில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



திருவிழா நாடகத்துக்கு வேடங்களைப் பங்கிடும் நாளில் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. அரசன் வேடத்துக்கு ஐந்து பேர் முன்வருவார்கள். அரசனின் தாய் வேடத்துக்கு ஆள் கிடைக்காது. "எனக்கு நாலு வசனந்தானா சாமி?" என்று முகம் வாடி நிற்பவர்களையும் நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். அவர்களை மனத்தில் வைத்தே இன்று ஒரு கலைஞரின் வாழ்க்கையை உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் மலையாளத் திரையுலகின் கே.பி.ஏ.சி. லலிதா. ஏறக்குறைய 550 படங்களில் நடித்தவர். அவற்றுள் பெரும்பாலானவற்றில் அவர் தாய், அக்காள், அண்டை வீட்டுக்காரி, சமையற்காரி.

பெயர் தெரியாமலே நம்மில் பலர் அவரைக் கண்டிருக்கிறோம். 1997இல் வெளிவந்த 'காதலுக்கு மரியாதை' படத்தில் நாயகியின் தாய் அவரே. இறுதிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாயகனும் நாயகியும் பேச்சற்று நிற்கிறார்கள். இரண்டு தாய்மார்தாம் கதையை முடித்து வைக்கிறார்கள். 2000இல் வந்த 'அலைபாயுதே' படத்தில் நாயகனின் தாயாக வந்தவரும் அவர்தாம்.

அவருடைய இயற்பெயர் மகேஸ்வரி. 1947இல் பிறந்தவர். தந்தையார் காயங்குளத்தைச் சேர்ந்த புகைப்படக்காரர். மகள் நடனம் பயில வேண்டும் என்பதற்காகவே அக்குடும்பம் சங்ஙனாசேரிக்குக் குடிபெயர்ந்தது. பத்து வயதில் மேடை ஏறிய அச்சிறுமி, பின்னர் கே.பி.ஏ.சி. என்னும் நாடகக் குழுவில் சேர்ந்தார். அது இடதுசாரி இயக்கத்தில் தோன்றிய குழு. அவர்களுடைய கொள்கை நமக்கு உடன்பாடோ இல்லையோ, ஊர் ஊராகச் சென்று உழைக்கும் மக்கள் முன் நாடகம் போட்ட அவர்களது கட்டுப்பாட்டை நாம் மதிக்கவே வேண்டும். லலிதா என்ற பெயரை அவருக்குச் சூட்டியவர் நாடக ஆசிரியர் தோப்பில் பாசி. திரையுலகில் முன்பே ஒரு லலிதா இருந்தமையால், குழுவின் பெயரே இவருக்கு முன்னெழுத்தாயிற்று. 1969இல் 'கூட்டுக்குடும்பம்' படத்தின் வழியே திரைக்கு வந்தபின், அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தாம் வளர்ந்த குழுவின் பெயரைத் தம் பெயரோடு சுமந்தே நடந்தார்.

அவருடைய நடிப்புகளுள் ஒன்றை நாம் தனியே சொல்லியாக வேண்டும். வைக்கம் முகம்மது பஷீரின் கதையைத் தழுவி அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த படம் 'மதிலுகள்'. சிறையிலே ஒரு பெரிய மதில். இந்தப் பக்கம் பஷீராக மம்மூட்டி. அந்தப் பக்கம் பெண்கள் சிறையில் நாராயணி. இருவரும் பேசிப் பேசியே அன்பு கொள்கிறார்கள். தான் வந்திருப்பதற்கு அடையாளமாக நாராயணி ஒரு காய்ந்த குச்சியை மேலே எறிவாள். அது மதிலுக்கு மேல் எழும்பித் தெரியும். இருவரும் நேரில் சந்திக்க நாள் குறித்திருந்த வேளையில் அவனுக்கு விடுதலை வந்துவிடுகிறது. நாராயணியின் முகத்தைப் படம் முழுவதிலும் நாம் காண்பதே இல்லை; குரல் மட்டுமே கேட்கிறோம். அந்தக் குரல் லலிதாவுடையது. ஏக்கம், குறும்பு, பயம் எல்லாவற்றையும் குரலொன்றாலே நம் முன் நிறுத்திவிட்டார். படம் பார்த்தவர்கள் நாராயணியை நேரில் கண்டது போலவே பேசுகிறார்கள். நாலு வசனத்துக்கு முகம் வாடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவருடைய கணவர் பெயர்பெற்ற இயக்குநர் பரதன். அவர் இயக்கிய 'அமரம்' படத்தில் மீனவக் குடும்பத்துப் பெண்ணாக நடித்ததற்காக, 1990ஆம் ஆண்டுக்கான சிறந்த துணை நடிகையின் தேசிய விருது லலிதாவுக்குக் கிடைத்தது. 1998இல் பரதன் காலமானார். துயரத்தோடு கடன் சுமையும் வந்து சேர்ந்ததை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். சிறிது காலம் நடிப்பை விட்டு ஒதுங்கியிருந்தவர், பிள்ளைகளை முன்னிட்டு 1999இல் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டுக்கான தேசிய விருது மீண்டும் அவரைத் தேடி வந்தது. அரசியல் பகையால் நண்பனே நண்பனைக் கொல்லும் கதையான 'சாந்தம்' படத்தில் தாயாக நடித்ததற்கு அவ்விருது. தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் இட்ட பெயர் 'கத துடரும்', அதாவது கதை தொடரும் என்பது.

இனி நம் மனத்தை வருத்தும் செய்தி ஒன்று. 2021 நவம்பரில் அவர் கல்லீரல் நோயால் படுத்திருந்தபோது, சிகிச்சைச் செலவைக் கேரள அரசு ஏற்றுக்கொண்டது. சினிமா நடிகைக்கு அரசுப் பணம் எதற்கு என்று உடனே குரல்கள் எழுந்தன. பொதுப்பணத்தைக் குறித்துக் கேள்வி கேட்பது தவறன்று. ஏழைக் கூலியாள் மருந்துக்கு வழியின்றித் தவிக்கும்போது அக்கேள்வி எழவே செய்யும். ஆனால் திரையில் முகம் தெரிந்தவர்கள் எல்லாரும் செல்வர்கள் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். நாயகனின் ஊதியமும் நாயகனின் தாயாக நடிப்பவரின் ஊதியமும் ஒன்றாகுமா? ஐம்பது ஆண்டுகள் நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்த ஒருவர் நோயில் விழும்போது, "உன் கையில் எவ்வளவு இருக்கிறது?" என்பதுதானா நம் முதற் கேள்வி? 2022 பிப்ரவரி 22 அன்று, 74ஆம் வயதில், திருப்பூணித்துறையில் அவர் காலமானார். அதன் பிறகு எல்லாரும் புகழ்ந்தார்கள்.

இளைஞர்களே, இந்த வாழ்விலிருந்து இரண்டு காரியங்களைக் கொண்டு செல்லுங்கள். உங்களுக்குக் கிடைத்த வேடம் சிறிதாயினும் அதை முழுமையாகச் செய்யுங்கள். இது நடிப்பவர்களுக்கு. இரண்டாவது, பார்க்கிறவர்களாகிய நம் எல்லாருக்கும் உரியது. நம் மேடைக்கு வேட உடை தைத்தவர், ஆர்மோனியம் வாசித்தவர், திரைச்சீலை இழுத்தவர் பலர் இன்று முதியவர்களாய் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மறைந்த பின் இரங்கற் கூட்டம் போடுவதற்கு முன்னால், இந்த வாரமே ஒருநாள் மாலை அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நாமும் உடன் வருகிறோம்.