மலையைக் காட்டி ஓட்டா?
(ஆரப்பாளையம் பொதுக்கூட்டப் பேச்சு)



திருப்பரங்குன்றம் மலையில் முருகன் கோயிலும் சிக்கந்தர் தர்காவும் இருக்கின்றன. தர்காவும் நெல்லித்தோப்பும் முஸ்லிம்களுக்கு, மலையில் பெரும்பகுதி கோயிலுக்கு என்று 1931-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டமன்றத் தேர்தலுக்கு ஓராண்டு முன்பு, 2025-ல், இந்து முன்னணியும் பாரதீய ஜனதாவும் அதே மலையைக் காட்டிச் சண்டை கிளப்பின. ஏன்?

ஆலையில் போனஸ் கேட்கும் கையும் வயலில் கூலி கேட்கும் கையும் ஒன்றுசேர்ந்தால் முதலாளிக்கு ஆபத்து. இந்துக் கை, முஸ்லிம் கை என்று பிரிந்தால் அவனுக்கு லாபம்!

மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பது 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. அந்தச் சட்டத்துக்குக் காவல் நாம்தான்.

1952-ல் சிறையிலிருந்த தோழர் பி. ராமமூர்த்தியைச் சட்டசபைக்கு அனுப்பியது இந்த மதுரை. ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் கேளுங்கள்: கூலி உயர என்ன செய்வாய்?