இருவேலைக் கத்தரி



நம் காலனியில் இரத்தக் கொதிப்பு மாத்திரை புகாத வீடு அரிது. சிலருக்கு அதனாலேயே வறட்டிருமல் காண்கிறது. உடனே, எவரையும் கேளாமல், மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். நாமும் அப்பிழையைச் செய்தவர்களே. நாம் வைத்தியர் அல்லோம். பின்னர் படித்தறிந்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

இரத்த அழுத்தம் தாழ்ந்தால் சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளை விடுகிறது. அதனால் பத்துக் கண்ணிகள் கொண்ட சிறு புரதச் சங்கிலி ஒன்று உண்டாகிறது. நுரையீரலின் இரத்தக் குழாய்ச் சுவரில் மிகுந்துள்ள ஒரு நொதி, கத்தரி போல் அதன் கடைசி இரண்டு கண்ணிகளை நறுக்குகிறது. இந்நொதியை 1956-இல் அறிவித்தவர் அமெரிக்கரான ஸ்கெக்ஸ். எஞ்சிய எட்டுக் கண்ணிச் சங்கிலி குழாய்களைச் சுருக்கி, உப்பையும் நீரையும் உடலில் நிறுத்துகிறது.

இக்கத்தரி நமக்குப் பகையன்று. காயத்தால் இரத்தம் இழந்தபோதும், பேதியால் நீர் வற்றியபோதும் உயிரைத் தாங்குவது இவ்வேற்பாடே. கருவிலுள்ள சிசுவின் சிறுநீரகம் வளரவும் இது வேண்டும். ஆகவே கர்ப்பிணிகளுக்கு இதைத் தடுக்கும் மாத்திரை ஆகாது. ஆனால் ஓயாமல் மிகுந்து நடந்தால் இருதயம் தடிக்கும், சிறுநீரகம் நலியும், பக்கவாதமும் வரலாம்.

கத்தரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. குழாய்களை விரிக்கும் பிராடிகைனினை அது வெட்டி அழிக்கிறது. பிரேசில் நாட்டு ஜராராக்கா விரியனின் நஞ்சு பிராடிகைனினின் வலிமையைக் கூட்டுவதை 1965-இல் ஃபெரெய்ரா வெளியிட்டார். அந்நஞ்சிலுள்ள பொருள்கள் இக்கத்தரியையே தடுக்கின்றன எனப் பிறகு தெரிந்தது. அவ்வழியே குஷ்மனும் ஒண்டெட்டியும் காப்டோப்ரிலை ஆக்கினர். 1981-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. கொல்லும் நஞ்சு காக்கும் மருந்துக்கு வழிகாட்டியது!

கத்தரியைத் தடுத்தால் பிராடிகைனின் அழியாமல் தேங்கும். இருமலுக்கு அதுவே முக்கிய காரணம் என்கின்றனர். எனலாப்ரில், ராமிப்ரில் என ‘ப்ரில்’ என்று முடியும் மாத்திரைகளில் இவ்விருமல் வரலாம். கத்தரியை விட்டுவிட்டு, எட்டுக் கண்ணிச் சங்கிலி பற்றும் இடத்தை மட்டும் அடைக்கும் ‘சார்டன்’ வகை மாத்திரைகளும் உள்ளன. அவற்றில் இருமல் குறைவு.

ஆதலின், இருமல் வந்தால் வைத்தியரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்வோம், நாமாக நிறுத்தோம். உதடோ நாவோ வீங்கினால் மட்டும், அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல், அக்கணமே ஆஸ்பத்திரிக்கு விரைவோம். கொதிப்பு வலியின்றி வளர்வது. அடுத்த ஆண்டு விழாவிலும் நாம் அனைவரும் இவ்வாறே கூடியிருக்க வேண்டுமென்பதே நம் ஆசை.